மைட்டர் சாவின் தூசிப் பை பற்றி ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நகல்: தயாரிப்பு வடிவமைப்புப் பிரிவு

பொருள்: 255 மி.மீ. மைட்டர் சாவில் தூசி பிடிக்கும் அமைப்பு சரியாக வேலை செய்யாதது குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மரத்தைக் கோணம் வைத்து அறுக்கும் மின்ரம்பமான உங்கள் நிறுவனத்தின் 255 மி.மீ. மைட்டர் சாவை வாங்கி வீட்டுப் பட்டறையில் பயன்படுத்தி வருகிறேன். மோட்டாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டு சுத்தமாக விழுகிறது. 45 டிகிரியில் வைத்து அறுத்தால் சட்டத்தின் மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர்கின்றன. நான் எழுதுவது தூசியைப் பற்றி மட்டும்தான். பெட்டியின் மேல் ‘தூசியில்லாமல் வெட்டலாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் மற்ற மாடல்களை விட்டுவிட்டு இதை வாங்கினேன்.

என் பட்டறை வீட்டோடு ஒட்டிய ஓர் அறை. கதவைத் திறந்தால் கூடம். வீட்டில் இழுப்பு உள்ளவர் ஒருவர் இருக்கிறார். அதனால் தூசி எனக்குக் கூட்டிப் பெருக்கும் வேலையோடு முடிகிற விஷயம் இல்லை.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மெஷினுக்குப் பின்னால் பெரிய கறுப்புத் துணியை விரித்து, நீங்கள் கொடுத்த பையை மாட்டி, ஒரே பலகையைத் துண்டு துண்டாக அறுத்தேன். பையைக் கழற்றிக் கொட்டினால் ஒரு பிடி தூள் வந்தது. துணியில் கிடந்தது அதைப்போலப் பல மடங்கு. பலகையை ஒட்டி வைக்கும் பின்தடுப்பான ஃபென்ஸுக்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்து, சுவர்வரை போயிருந்தது. பிறகு அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் பை உப்பியது. ஜிப் ஓரத்திலும் துணியின் நெசவு வழியாகவும் மெல்லிய தூசி கசிந்து வெளியே வந்தது. பைக்குள் போனதாக நினைத்த தூசியில் நுண்ணியது எல்லாம் மறுபடி அறைக்குள்தான் வருகிறது. வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்.

உங்கள் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “எந்த மெஷினாக இருந்தாலும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்யும் சார், வேக்குவம் கிளீனர் மாட்டிக்கொள்ளுங்கள்” என்றார்கள். சரி, மாட்டலாம் என்று பார்த்தேன். தூசி வெளியேறும் வாய் வட்டமாகவே இல்லை, லேசாக நீள்வட்டம். என்னிடம் உள்ள ஹோஸ் அதற்குள்ளும் போகவில்லை, அதன் மேலும் ஏறவில்லை. பெட்டிக்குள் அடாப்டர் எதுவும் கிடையாது. கையேட்டில் அந்த வாயின் விட்டம் எவ்வளவு என்றுகூட எழுதவில்லை. மறுபடி கேட்டதற்கு, டேப் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மெஷினின் தலை மேலே எழும்பிக் கீழே இறங்குகிறது. அதோடு சேர்ந்து ஹோஸும் ஆட வேண்டும். டேப் எத்தனை நேரம் தாங்கும்? தலையை இடப்பக்கம் சாய்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஹோஸ் பின்தண்டில் முட்டி, தலை முழுக்கச் சாயாமல் நின்றுவிடுகிறது. தூசியைப் பிடிக்கப் போய் கோணம் தப்புகிறது.

ஆனால் இதற்கெல்லாம் அடிப்படையான குறை பையிலோ ஹோஸிலோ இல்லை என்பதுதான் என் கருத்து. வடிவமைப்புப் பிரிவினர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று என்று உங்கள் கையேடே சொல்கிறது. 255 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப் போட்டால், பற்கள் மணிக்கு ஏறக்குறைய 230 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. கீழ்ப்பக்கத்தில் அவை ஓடும் திசை, நிற்பவரிடமிருந்து ஃபென்ஸை நோக்கி. ஆகவே தூள் முழு வேகத்தோடு பின்னால்தான் பாய்கிறது. அந்த வேகத்தில் போகிற தூளை வேக்குவம் இழுத்துத் திருப்ப முடியாது. அது பறந்து போகிற வழியிலேயே ஒரு வாய் காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மெஷினில் அப்படி ஒரு வாய் இருக்கிறது, பிளேடுக்குப் பின்னால் ஒரு மடலும் தொங்குகிறது. ஆனால் அந்த மடல் விறைப்பான பிளாஸ்டிக். உயரமான கட்டையை வைத்தால் இடிக்கும் என்பதால் அதைக் குட்டையாக வெட்டி வைத்திருக்கிறீர்கள். விளைவு, மெல்லிய பலகையை அறுக்கும்போது மடலின் நுனிக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. முக்கால்வாசித் தூள் அந்த வழியாகத் தப்பிவிடுகிறது. வாய்க்குள் வராத தூளை எவ்வளவு நல்ல பை மாட்டினாலும் பிடிக்க முடியாது.

மடல் வளையும் ரப்பராக இருந்தால் இந்தச் சிக்கலே வராது. உயரமான கட்டை வந்தால் மடங்கிக்கொள்ளும், மெல்லிய பலகை வந்தால் கீழேவரை தொங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, பிளேடில் படாத அளவுக்குப் பக்கங்களில் இடம் விட்டு, இரவல் வாங்கிய ஒரு ஹோஸோடு சேர்த்துப் பொருத்திப் பார்த்தேன். துணியில் விழுந்த தூள் கண்கூடாகக் குறைந்தது. இதைச் சேவை மையத்தில் சொன்னதற்குக் கிடைத்த பதில், மெஷினில் எந்த மாற்றம் செய்தாலும் வாரண்டி போய்விடும் என்பது. டியூபைக் கழற்றிவிட்டேன். நீங்களும் செய்து தரமாட்டீர்கள், நானும் செய்யக்கூடாது என்றால் எப்படி?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாயிலிருந்து பைக்குப் போகும் முழங்கை வளைவுக்குள் ஒரு ஸ்க்ரூவின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. நார் நாராகச் சிலும்பு வரும் மரத்தை அறுத்தால் அந்தச் சிலும்பு முதலில் அங்கேதான் சிக்குகிறது. அதன்மேல் தூள் அடைந்து வழி மூடிக்கொள்கிறது. பை காலியாக இருக்கும்போதே வெளியே தூசி பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு குட்டை ஸ்க்ரூ போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

‘கொஞ்சம் தூசிதானே’ என்று உங்கள் ஊழியர் சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூசியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய் அது. ஆண்டுக்கணக்கில் மரத்தொழில் செய்தவர்களை வைத்து வந்த முடிவுதான், எப்போதாவது ஒரு சட்டம் செய்பவருக்கு அதே அளவு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடிய சிறு அறையில், காற்றோட்டம் குறைவாக, அடிக்கடி வேலை செய்பவர்கள்தான் இந்த மாதிரி மெஷினை வாங்குகிறார்கள். மர நாரைப் பிசினால் ஒட்டிச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் அதன் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் கூடவே வருகிறது. தரையில் விழுகிற தூளைப் பெருக்கிவிடலாம். 10 மைக்ரானுக்குக் குறைவான தூசி கண்ணுக்கே தெரியாது. வெட்டு முடிந்து மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பசை தடவும் நேரத்தில்தான் அது நெஞ்சுக்குள் போகிறது. உங்கள் கையேட்டில் முகமூடி பற்றி ஒரே வரி இருக்கிறது, அதிலும் எந்த வகை முகமூடி என்று இல்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று எழுத எவ்வளவு இடம் ஆகிவிடும்?

இதே கையேட்டில் ‘தூசி உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைக்கலாம்’ என்றும் இருக்கிறது. எந்த இயந்திரம்? வேக்குவம் கிளீனர் ஒல்லியான ஹோஸில் பலமாக உறிஞ்சும், ஆனால் இழுக்கும் காற்றின் அளவு குறைவு. பட்டறைகளில் 100 மி.மீ. குழாயோடு வைத்திருக்கும் பெரிய தூசி சேகரிப்பான் நிறையக் காற்றை இழுக்கும், ஆனால் உங்கள் மெஷினின் சின்ன வாயில் மாட்டினால் அதன் பலம் முழுதும் வீண். அதை மெஷினுக்குப் பின்னால் ஒரு கூண்டு செய்து வைத்தால்தான் பயன். வாங்குபவருக்கு இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வேக்குவம் மாட்டினால் அதன் ஃபில்டர் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி மறுபக்கம் வெளியே வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். வளையும் ரப்பர் மடலும், நெருக்கமான நெசவில் தைத்த பையும், பரவலாகக் கிடைக்கும் ஹோஸ்களுக்குப் பொருந்தி, தலை சாயும்போது திரும்பிக்கொள்ளும் அடாப்டரும் எனக்குக் கட்டணமில்லாமல் அனுப்பி வையுங்கள். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் அவை உதிரிபாகமாகக் கிடைக்க வேண்டும். அவற்றை மாட்டுவதால் வாரண்டி போகாது என்று எழுத்தில் தாருங்கள். முழங்கை வளைவின் ஸ்க்ரூவையும் மாற்றித் தாருங்கள். பெட்டியில் உள்ள வாசகத்தை எடுத்துவிட்டு, எந்த ஹோஸோடு, எந்த நிலையில் எவ்வளவு தூசி பிடிக்கும் என்பதை மட்டும் போடுங்கள்.

இது முடியாது என்றால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். நல்ல மோட்டார், நல்ல வெட்டு. திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தொலைபேசியில் இனி வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள். 15 நாட்களுக்குள் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். ரசீதின் நகல், வாரண்டி அட்டையின் நகல், மடலின் இடைவெளியையும் ஸ்க்ரூவையும் காட்டும் படங்கள், மேலே சொன்ன வீடியோ எல்லாம் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்