விளையாடக் கூப்பிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேராவூரணிப் பக்கம், புது ஆற்றுக் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊர் மக்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கஜா அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் நம் தோப்புகளைச் சாய்த்துப்போட்ட கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் போனால் அடுத்த போகம் இருக்கிறது. நெட்டைத் தென்னை போனால், மறுபடி காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும். அந்தக் கணக்கைத்தான் ராத்திரியெல்லாம் போட்டுக்கொண்டு கிடந்தேன். தூக்கம் போனது, பேச்சு குறைந்தது, தோப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நிவாரணத்துக்கும் கன்றுக்கும் என்னோடு அலைந்தவர்களுக்கு அப்போதே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல், என்னை விளையாடக் கூப்பிட்டவர்களுக்கு.

முதலில் எங்கள் தெருப் பிள்ளைகள். விழுந்து கிடந்த மட்டையெல்லாம் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஓலையைக் கிழித்துக் கைக்கடிகாரம், காற்றாடி, பீப்பி என்று செய்து தள்ளினார்கள். பெற்றவன் சோற்றுக்கு யோசிக்கிறான், இதுகளுக்குப் பீப்பி கேட்கிறதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது ஒரு சின்னவள் பாதி பின்னிய கிளியை நீட்டி, "பெரியப்பா, மூக்கு வரமாட்டேங்குது" என்றாள். கிளி எனக்கும் மறந்துபோயிருந்தது. ஈர்க்கை உருவிப் போட்டு, ஓலையை மேலும் கீழும் கோத்து, அவிழ்த்து, மறுபடி கோத்தேன். பின்னும்போது விரல் அடுத்த மடிப்பை மட்டும்தான் தேடும். கடன் கணக்கு அந்த நேரத்தில் கிட்ட வராது. மூக்கு வந்ததா என்றால், வந்தது, கொக்குக்கு வரவேண்டிய மூக்கு. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் நானே ஓலை பொறுக்கத் தோப்புக்குப் போனேன்.

அப்புறம் பிள்ளையார் கோயில் திண்ணை மாமா. கல்தரையில் செதுக்கிய ஆடுபுலிக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எதிராளி இல்ல, உட்காரு மாப்ள" என்றார். என்ன ஆச்சு, எத்தனை மரம் போச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. அவருக்கு 3 புலி, எனக்கு 15 ஆடு. ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. புலி நகர இடமில்லாமல் சுற்றி அடைப்பது ஒன்றுதான் அதற்கு வழி. இதில் பெரிய வாழ்க்கைத் தத்துவம் இருக்கிறது மாமா என்று ஒருநாள் ஆரம்பித்தேன். "தத்துவம் பேசுறவன் ஆட்டைக் கோட்டை விடுவான்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை வெட்டினார். தினமும் தோற்றேன். யாருக்கும் கடன் ஏறாத தோல்வி அது, நன்றாகத்தான் இருந்தது.

மார்கழி பிறந்ததும் எங்கள் அத்தை என்னைப் புள்ளி வைக்க உட்கார வைத்தார். ஆம்பளைக்கு என்ன கோலம் என்று கேட்டுவிட்டுப் போனவர்களே மறுநாள் வந்து சிக்குக் கோலத்தில் கோடு எங்கே விட்டுப்போனது என்று காட்டிக்கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

விளையாடியே எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் யாரும் பரப்ப வேண்டாம். அரசு மருத்துவமனை டாக்டர் கொடுத்த மாத்திரையை, அவர் போதும் என்று சொல்லும்வரை விடாமல் சாப்பிட்டேன். "சாயங்காலத்துல கைக்கு என்ன வேலை இருக்கு?" என்று என்னிடம் முதலில் கேட்டவரும் அவர்தான். ஓலைக்கிளி கதையைச் சொன்னபோது, மாத்திரைச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு இல்லாத ஒரு வசதி இன்றைக்கு இருக்கிறது: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி, எண் 14416. ராத்திரி எந்நேரம் ஆனாலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. மனசு தாங்காதவர்கள் வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

புதுசாக வைத்த கன்றுகள் பாளை விட்டுவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோப்பில் பாய் விரித்திருக்கும். கோலப்பொடி, ஆடுபுலிக்குக் கூழாங்கல், பிள்ளைகளுக்குச் சுண்டல் எல்லாம் உண்டு. டீக்கடை அண்ணன் வழக்கம்போல் காசு வாங்கமாட்டேன் என்பார், சட்டைப்பையில் திணித்துவிடுங்கள். ஓலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள், குருத்து போனால் மரமே போச்சு.