ஒரு நோட்டு அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள தாயி,

நேற்று போனில் "எல்லாம் சமாளிச்சுக்கறேன்ப்பா" என்றாய். பின்னால் குக்கர் ஏழெட்டு விசில் அடித்தும் நீ எழுந்து போகவில்லை. சரியாகத் தூங்கி இரண்டு மூன்று நாளாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அடிவயிறு கலங்குகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்ஸ் பார்த்துக்கொண்டார்கள். உன் அம்மா விழுந்ததும் வீட்டுக்கு வந்த பிறகுதான். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். வழுக்கவில்லை, தாயி. அது என் தப்பு.

பக்கவாதம் வருவதற்கு முன்பே அம்மா பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிட்டு வந்தாள். டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு பெயரில் ஒன்று எழுதியிருந்தார்கள். பழசை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டையும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து நின்றவள் கண் இருட்டி அப்படியே சரிந்தாள். பிரஷர் 90க்கு 60. மெடிக்கல் ஷாப் தம்பிதான் இரண்டு அட்டையையும் திருப்பிக் காட்டினார். பெரிய பெயருக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இரண்டிலும் அம்லோடிபின், 5 மில்லிகிராம். கம்பெனி வேறு, சரக்கு ஒன்று.

அதனால் இன்றைக்கே அவருடைய மாத்திரை அட்டை அத்தனையையும் தாம்பாளத்தில் பரப்பு. பழைய டப்பாவில் கிடப்பதையும் சேர். அந்தச் சின்ன எழுத்துப் பெயரை நான் அனுப்பியிருக்கும் நோட்டில் எழுது. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அடுத்த வேளை கொடுப்பதற்குள் டாக்டருக்குப் போன் போடு. நீயாக எதையும் நிறுத்திவிடாதே. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் மறுபடி அடைப்பு வரலாம்.

முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் நம்பரைக் குறிக்காவிட்டால் மெமோ வரும் என்று பயந்தவனுக்கு, வீட்டில் குறித்து வைக்க அவள் விழ வேண்டியிருந்தது. பிறகு எல்லாம் எழுதினேன். பிரஷர், சர்க்கரை, மாத்திரை கொடுத்த மணி, எத்தனை இட்லி, வெளிக்குப் போனாளா என்பதுவரை. டாக்டரிடம் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். "எப்படி இருக்காங்க?" என்றால் "பரவாயில்லை சார்" என்று எழுந்து வந்துவிடுவோம். நோட்டை நீட்டினால் அவரே படித்துவிட்டுக் கேள்வி கேட்பார். நீ கேட்க வேண்டியதை முந்தின நாளே எழுதிக்கொண்டு போ, மூன்று கேள்வி போதும். புரியாவிட்டால் "தமிழ்ல ஒரு தடவை சொல்லுங்க சார்" என்று சொல். என்னிடம் ஒருத்தர் முகம் சுளித்தார். சுளித்துக்கொண்டே சொன்னார், அது போதாதா?

ஆஸ்பத்திரியில் அவருக்கு என்னென்ன பார்த்தார்கள் என்று எழுதி வைத்திருக்கும் கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி வை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் மருத்துவ கவுன்சில் போட்ட விதி இருக்கிறது. அம்மாவுடையதைக் கேட்டபோது கவுன்டரில் "அதெல்லாம் தர மாட்டோம்" என்றார்கள். விதியை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். மறுநாள் ஜெராக்ஸ் கைக்கு வந்தது.

படுத்தபடி அவருக்கு ஒரு ஸ்பூன் கஞ்சிகூட வேண்டாம். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடு, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். தண்ணீர் குடித்ததும் இருமினாலோ, குரல் கொழகொழத்தாலோ நுரையீரலுக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகப்படு. முழுங்குவதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள். பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் ஜூஸை வாயில் ஊற்றப் பார்ப்பார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடு, கோபித்தால் கோபிக்கட்டும்.

வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்பார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருவார்கள். இங்கே அம்மாவுக்கு வந்தார்கள். உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாப்பிள்ளையை விட்டுப் பெயர் கொடுக்கச் சொல். நீ போகாதே, அவரே போகட்டும். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதிலும் பாதி அவருடையது. அவருடைய அப்பாதானே! இதை நான் சொன்னதாகவே சொல்.

வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். சங்கரன்கோவிலில் ஏறினால் காலையில் எழும்பூர். அம்மாவைச் சித்தி பார்த்துக்கொள்வாள். பத்து நாள் சம்பந்தி பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். மாத்திரை அட்டையெல்லாம் தாம்பாளத்திலேயே இருக்கட்டும், வந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.

அப்பா