முதல் நாளே எல்லாம் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு செய்தி சேனலைப் பற்றிய, ஆரோன் சோர்கினின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'தி நியூஸ்ரூம்' (2012) முதல் அத்தியாயத்தை மறுபடி பார்த்தாலும் விறுவிறுப்பு குறையவில்லை, இடிப்பது காலக்கணக்குதான். அதில் செய்தியாக வரும், மெக்சிகோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை உண்மையில் வெடித்தது 2010 ஏப்ரல் 20 இரவு. மூழ்கியது 22இல். கடலடிக் கிணறு கசிவதை அதிகாரிகள் அறிவித்தது 24இல். தொடரிலோ கிணற்றை அடைத்த சிமென்ட்டின் கோளாறு உட்பட எல்லாமே முதல் செய்தியறிக்கையிலேயே வந்துவிடுகிறது! ஆதாரம்? ஒரு தயாரிப்பாளரின் சகோதரியும் கல்லூரி அறைத்தோழரும். இருவரும் சம்பந்தப்பட்ட நிறுவனங்களின் ஆட்கள். கிணற்று ஆவணமோ கடலோரக் காவல்படையின் உறுதிப்படுத்தலோ இல்லாமல், நிறுவனங்களைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்ட எந்தச் செய்தி ஆசிரியர் துணிவார்? அவதூறு வழக்கு வாசலில் நிற்கும். விடை தெரிந்தபின் எழுதிய கதை என்பதால் அன்றைய குழப்பத்துக்கே இடமில்லை. கசிவு நாளுக்கு 1,000 பீப்பாய் என்றுதான் அதிகாரிகளே முதலில் சொன்னார்கள். பின்னாளைய மதிப்பீடு 50,000ஐத் தாண்டியது.

– வாசகர், திருச்சி