யூராலஜி மருத்துவர்களுக்கு: முதலில் ஒரு படம் வரைந்து காட்டுங்கள்

தமிழ்நாட்டின் யூராலஜி மருத்துவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2021-இல் என் கணவருக்கு 66 வயது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்தது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருந்தால் ஏறக்கூடிய எண் அது. அடுத்து எம்.ஆர்.ஐ., அதற்கடுத்து பயாப்சி. அந்தச் சுரப்பியில் பன்னிரண்டு இடங்களில் ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுத்ததில் இரண்டில் புற்று, இரண்டும் வலப்பக்கம். புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+4, அதாவது நடுத்தரம். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஆரம்ப நிலைதான், பயப்படாதீங்கம்மா. வேரோட எடுத்துடலாம்" என்றார். அன்றைக்கு எங்களுக்கு அது தெய்வ வாக்கு. பதினோராம் நாள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. முடிவெடுத்த அன்று அந்த அறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தது ஏழெட்டு நிமிடம்.

புற்று போய்விட்டது. இன்றுவரை பி.எஸ்.ஏ. ஏறவில்லை. கை தேர்ந்த மருத்துவர் அவர்; செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த ஏழெட்டு நிமிடத்தில் பேசாமல் விட்டதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிறுநீர் டியூபை எடுத்த அன்று தொடங்கிய சிறுநீர்க் கசிவு இன்னும் நிற்கவில்லை. இருமினால் கசியும், பேரனைத் தூக்கினால் கசியும். நாளுக்கு மூன்று பேட். வெளியூர்க் கல்யாணம் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வருவதில்லை. ஈரத்தோடு சந்நிதியில் நிற்க மனம் ஒப்பவில்லை. "நீ போய்ட்டு வா, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்று வெளியிலேயே நின்றுவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் மனைவிமார் எழுதாவிட்டால் இதை வேறு யார் எழுதுவார்கள்? ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் கழித்து, ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒருவர் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் அதைத் தன் குற்றமாக நினைத்திருக்க மாட்டார்.

லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் போன வருடம் ஊருக்கு வந்தான். அவன் தெருவில் ஒருவருக்கு இதே 3+4, அதுவும் ஒரே பக்கம். ஒலியலையால் புற்றைச் சுடும் ஹைஃபூ என்ற சிகிச்சையைச் செய்துகொண்டு மறுநாளே வீடு திரும்பினார் என்றான். அது ஃபோக்கல் தெரபியில் ஒரு வகையாம். அன்றுதான் ஃபோக்கல் தெரபி என்ற பெயரையே கேள்விப்பட்டேன். அதிலிருந்து அவன் உதவியோடு படித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் அறைக்கு வெளியே ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சுரப்பி முழுவதையும் எடுக்காமல், புற்று இருக்கும் பகுதியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் அழிப்பதுதான் ஃபோக்கல் தெரபி. ஹைஃபூவில் மயக்கம் கொடுத்து, ஆசனவாய் வழியாக ஒரு கருவியை வைத்து, காதுக்கு எட்டாத ஒலியை ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவதுபோல. அரிசி மணி அளவு இடம் சில நொடியில் வெந்துபோகும். பிறகு பக்கத்து மணி, அதற்குப் பக்கத்து மணி என்று நகர்ந்துகொண்டே போவார்கள். ஊசி வழியாக உறைய வைத்தால் அது கிரையோ. ஊசிகளுக்கிடையே மின்துடிப்பைப் பாய்ச்சி உயிரணுச் சவ்வில் துளை போட்டால் நானோநைஃப். சிறுநீரை அடக்கும் தசையும், சுரப்பியின் இரு ஓரத்திலும் ஓடும், தாம்பத்திய உறவுக்கு வேண்டிய நரம்புகளில் ஒரு பக்கமாவதும் பெரும்பாலும் தப்பிக்கின்றன.

புற்று எந்த மூலையில் என்று தெரியாத காலத்தில் முழுதாக எடுப்பதுதான் வழியாக இருந்தது. நல்ல எம்.ஆர்.ஐ. வந்ததும் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. பிரிட்டனில் ஒன்பது மையங்களில் ஹைஃபூ செய்துகொண்ட 625 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், கேள்வித்தாளை நிரப்பித் தந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு பேட் தேவைப்படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். ஒரே சுரப்பியில் பல இடங்களில் புற்று இருக்கலாம், எம்.ஆர்.ஐ. கண்ணுக்குத் தப்பியது பின்னால் தலைதூக்கலாம். அதனால் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி என்று பல ஆண்டு பின்தொடர வேண்டும். அதே பிரிட்டனில் 1,379 பேரைப் பார்த்த பெரிய கணக்கில், ஏழாண்டு முடிவில் அறுவையோ கதிர்வீச்சோ போன்ற அடுத்தகட்டச் சிகிச்சை தேவைப்படாமல் இருந்தவர்கள் 69 சதவீதம். மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இது முடிவாக அமையவில்லை என்று அர்த்தம். ஆய்விலோ முறையான பதிவேட்டிலோ சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. பரவிய புற்றுக்கும் வீரியமான புற்றுக்கும் இது பொருந்தாது. கிளீசன் 3+3 என்றால் பெரும்பாலானவர்களுக்குக் கண்காணிப்பே போதும். அவர்களுக்கு ஹைஃபூ செய்வதும் வேண்டாத வேலைதான். இதைச் செய்யும் இடங்கள் நம் நாட்டில் கொஞ்சம், செலவும் அதிகம். இவ்வளவும் தெரிந்தபின், அன்று சொல்லியிருந்தாலும் என் கணவர் ஆபரேஷனையே கேட்டிருப்பாரோ என்றும் நினைக்கிறேன். 'வேரோட' என்ற சொல்லில் ஒரு நிம்மதி இருக்கிறது. கேட்டிருந்தால், அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

யோசித்து முடிவெடுக்க நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். சுரப்பியைத் தாண்டாத புற்று இருந்த 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 2023-இல் வந்த முடிவில், இந்தப் புற்றால் இறந்தவர்கள் 2.7 சதவீதம், மூன்று பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடில்லை. பன்னிரண்டாம் ஆண்டில் பேட் வைத்துக்கொண்டிருந்தவர்களோ, அறுவைப் பிரிவில் 24 சதவீதம், கண்காணிப்பில் 11. அந்தக் காலத்து அறுவை வேறு, இன்று ரோபோ வந்துவிட்டது என்பீர்கள். சரி, அதையும் சொல்லுங்கள். உங்கள் கையால் செய்ததில் எத்தனை பேருக்கு ஓராண்டு கழித்தும் கசிகிறது என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பதினோரு நாள் அவசரத்துக்கு அந்தப் புற்றில் காரணம் எதுவும் இருக்கவில்லை. எங்கள் பயம்தான் இருந்தது.

அந்தப் பயத்தைத் தணிக்க உங்களால்தான் முடியும். ஒரு வெள்ளைத் தாளில் சுரப்பியை வரையுங்கள். புற்று இங்கே, நரம்பு இங்கே, அடக்கும் தசை இங்கே என்று காட்டுங்கள். கண்காணித்தால் என்ன, முழுதாக எடுத்தால் என்ன, கதிர்வீச்சு கொடுத்தால் என்ன, அந்த இடத்தை மட்டும் அழித்தால் என்ன என்று, உங்களிடம் கருவி இல்லாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனைவியை வெளியே உட்கார வைக்காதீர்கள். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஃபோக்கல் தெரபி செய்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: பிரான்சில் 46 மையங்கள் சேர்ந்து, ஹைஃபூவோ அறுவையோ செய்துகொண்ட 3,300-க்கும் மேற்பட்டவர்களை ஒரே ஆய்வில் தொடர்ந்து பார்த்தார்கள். அதுபோல உங்கள் நோயாளிகள் ஒவ்வொருவரையும் பதிவு செய்யுங்கள். திரும்பி வந்த புற்றையும் எழுதிவையுங்கள். விளம்பரப் பலகையில் 'தழும்பில்லாத சிகிச்சை' என்று போடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

என் அண்ணனுக்கு 70 வயது. போன மாதம் பி.எஸ்.ஏ. 5.9 வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது, இடப்பக்கம் ஒரு சின்ன நிழல் தெரிகிறதாம். வரும் வாரம் உங்களில் ஒருவரைப் பார்க்க அவரையும் அண்ணியையும் நான்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன். தாளும் பேனாவும் என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மனைவி, இன்னொருவரின் தங்கை
மதுரை