ரெண்டாவது கோடைக்கும் கிளம்புகிற பிள்ளைகள்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு வெயிலில் காட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார், நான் சொன்னதாகச் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

உன் பையன் ஹாக்கியை விட்டுவிடுவானோ என்று கவலைப்பட்டிருக்கிறாய். கூடவே, "உன் மகள் அந்த டிரம் கோரில் இன்னும் இருக்கிறாளா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதிலாவது நிலைத்து நிற்கிறார்களா?" என்றும் கேட்டிருக்கிறாய். இருக்கிறாள். வரும் கோடைதான் அவளுக்குக் கடைசி. ஜூன் 1-க்குள் 22 வயது நிறைந்துவிட்டால் அப்புறம் இளைஞர் அணி எதிலும் இடம் கிடையாது. இதை இங்கே அமெரிக்காவில் ஏஜ் அவுட் என்பார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் விதிவிலக்கு இல்லை.

நீ பார்த்தது இல்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். டிரம் கோர் என்பது மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கிற இசைக்குழு. பித்தளைக் குழல்கள், டிரம்கள், கொடி சுழற்றுகிற கலர் கார்டு, எல்லாம் சேர்ந்து ஓர் அணியில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். கிளாரினெட், சாக்ஸபோன் எதற்கும் இடமில்லை. என் மகள் மெலோஃபோன் என்கிற பித்தளைக் குழல் வாசிக்கிறாள். நவம்பர் வாக்கில் தேர்வு முகாம், குளிர்காலம் முழுக்க மாதம் ஒரு வார இறுதியில் பயிற்சி. மே பாதிக்கு மேல் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் ஒத்திகை. ஜூன் கடைசியிலிருந்து பஸ்ஸில் ஊர் ஊராகப் போட்டி. ராத்திரி பஸ்ஸிலேயே தூக்கம், விடிந்தால் ஏதாவதொரு பள்ளிக்கூடத்து ஜிம் தரையில் மிச்சத் தூக்கம். இத்தனையும் சுமார் 12 நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்காக. ஆகஸ்ட்டில் இண்டியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி.

இதில் எத்தனை வருஷம் நிற்கிறார்கள் என்றால், நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கோடை. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. முன்னாள் படைவீரர் சங்கம், தேவாலயம், சாரணர் குழு என்று யாராவது ஒருவர் ஆதரவில் தெருவுக்குத் தெரு அணி இருந்தது. 1972-ல் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டரில் டிரம் கோர் இண்டர்நேஷனல் என்கிற போட்டி அமைப்பு தன் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்திய சமயத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர் அணிகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளூர் அணியில் சேர்ந்த பிள்ளை 21 வரைக்கும் அங்கேயே இருக்கும். இப்போது முதல் வரிசை அணிகள் இருபது சொச்சம்தான். எங்கோ டெக்ஸாஸில் இருக்கிற பையன் பதினெட்டு வயதில் விமானம் ஏறி ஒஹையோவுக்குத் தேர்வுக்கு வருகிறான். அவன் சேரும்போதே அவனுக்கு மிச்சம் இருப்பது மூன்று நான்கு கோடைதான். அதைக் கணக்கில் எடுக்காமல் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிற்பதில்லை" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னைக் கேட்டால் பிள்ளையின் பிடிப்பை வருஷக் கணக்கில் அளக்கக்கூடாது. ரெண்டாவது வருஷம் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வருஷத்தை ஆசையே இழுத்துக்கொண்டு போய்விடும். ரெண்டாவது தடவை வருகிறவனுக்கு எல்லாம் தெரியும்: குதிகால் கொப்புளம், பஸ் சீட்டில் பிடித்துக்கொள்கிற கழுத்து, எட்டுத் தாளம் எண்ணி முடிகிற ஒரே துண்டை மதியம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வது. தெரிந்தும் வருகிறான் பார், அதுதான் பிடிப்பு.

எனக்கு விடுப்புக் கிடைக்கிறபோது அவர்கள் சமையல் லாரியில் போய் வேலை செய்கிறேன். நாளைக்கு நாலு வேளைச் சாப்பாடு, நாலாவது வேளை போட்டி முடிந்து நடுராத்திரி நெருங்கும்போது. போன கோடையில் அப்படி ஒரு ராத்திரி, புதுப் பையன் ஒருத்தன் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வருஷப் பெண் ஒருத்தி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கிய சின்ன நோட்டை வாங்கிப் புரட்டினாள். டாட் புக் என்பார்கள் அதை. நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் மைதானத்தில் தான் எங்கே நிற்க வேண்டும் என்று அவரவர் எழுதி வைத்திருப்பது. ஐந்து கஜத்துக்கு எட்டுக் காலடி, அதாவது ஒரு காலடி 22½ அங்குலம். அதில் அரை, கால் என்று கணக்கு. வியர்வையில் மை ஊறிப் பாதிப் பக்கம் அழிந்திருந்தது. தன் நோட்டைப் பார்த்து, அவன் நிற்கும் இடத்தைத் தன் இடத்திலிருந்து கணக்குப் போட்டு, அழிந்ததையெல்லாம் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள். பையன் சாப்பிட ஆரம்பித்தான். இப்படி நாலு பழைய பிள்ளைகள் இல்லாத வரிசையை எந்தப் பயிற்சியாளராலும் தேற்ற முடியாது.

பழைய பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்று கேட்டால் நான் பணத்தைத்தான் முதலில் சொல்வேன். ஒரு கோடைக்கு 5,000 டாலர் வரை ஆகிறது, சில அணிகளில் அதற்கும் மேல். முகாம்களுக்கு விமானச் செலவு தனி. கோடையில் வேலை பார்த்துச் சம்பாதிக்கிற காசும் போச்சு. அணிகளுக்கே நிலைமை இதுதான். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா வான்கார்ட் 2018-ல் சாம்பியன், 2023-ல் பண நெருக்கடியால் சீசனையே விட்டது. அடுத்த வருஷம் மீண்டு வந்தார்கள். 1934-ல் நியூ ஜெர்சியில் ஒரு தேவாலயத்தை ஒட்டித் தொடங்கிய கேடட்ஸ், பத்து சாம்பியன் பட்டம் வாங்கிய அணி, 2024 ஏப்ரலில் மூடிவிட்டது. கோடைப் பயிற்சி தொடங்கச் சில வாரங்களே இருந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வேறு அணி தேடி அலைந்தார்கள். அவர்களைப் போய் நிலையில்லாதவர்கள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

மேல் வரிசை அணியில் இடம் கிடைத்ததும் தாவுகிறவர்களும் உண்டு. அதில் தப்பு இல்லை, மூன்றே கோடைதான் கையில் இருக்கிறது. ஆனாலும் என் மகள் தாவாமல் ஒரே அணியில் இருந்தது எனக்குப் பெருமை. இந்த வருஷம் அவளுக்கு ஒரு நல்ல கம்பெனியில் கோடை இண்டர்ன்ஷிப் வந்தது. தேதியைத் தள்ளிக் கேட்டாள், முடியாது என்றுவிட்டார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். நான் சரி என்றேன். வேலை அடுத்த வருஷமும் வரும், இது வராது.

உன் பையனிடம் "ஏன் விடுகிறாய்" என்று கேட்காதே. முழங்கால் வலியா, கேம்ப்புக்குப் போய்வரச் செலவு என்று உனக்காகப் பயப்படுகிறானா, கூட ஆடிய பையன்கள் போய்விட்டார்களா, அதைக் கேள். பணம்தான் என்றால் எனக்கு எழுது. கூச்சப்படாதே.

ஆகஸ்ட்டில் சிகாகோவுக்குத் தங்கையைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாயே, இறுதிப் போட்டி வாரத்தை ஒட்டி வந்துவிடு. அங்கிருந்து இண்டியானாபொலிஸ் மூன்று மணி நேரக் கார்ப் பயணம். தேதியை முன்கூட்டியே சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவேன், மேல் அடுக்கில்தான். மைதானத்தில் அவர்கள் போடுகிற வடிவமெல்லாம் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். அம்மாவிடம் கேட்டு நம்ம ஊர்க் கருப்பட்டி கொஞ்சம் கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்