கட்டிலருகே இருப்பது இடைஞ்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குழந்தை நலக் கட்டுரையில் ஒரு வரி: "ஊசி போடும்போது பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டால் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்." அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளாக அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவள் நான்.

போன ஐப்பசியில் என் ஆறு வயதுப் பேரனை டெங்குக் காய்ச்சலுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மகளுக்குக் கைக்குழந்தை; கூட இருந்தவள் நான். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. "வெளியே இருங்கள் பாட்டி" என்றார்கள். "வலிக்காது சாமி" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் "அம்மாச்சி, அம்மாச்சி" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வந்தபோது அடங்கித்தான் இருந்தான். மருந்துப் பெட்டி அட்டையை வைத்துக் கட்டிய கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "வலிக்காதுன்னு சொன்னியே" என்று ஒரு முறை கேட்டான். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான்.

மூன்றாம் நாள் இரவு ஊசியை மாற்ற வேண்டியிருந்தது. வந்த செவிலியர் குழாயை அவனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "கொஞ்சம் வலிக்கும். எந்தக் கையில் போடலாம்?" என்று அவனிடமே கேட்டார். என் மடியில் இருந்தபடியே ஏற்றிக்கொண்டான். அழுதான், கையை இழுக்கவில்லை.

அதை அந்தப் பெண்ணின் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். செவிலியர் படிப்பில் இருக்கும் என் அண்ணன் பேத்தி சொல்லித்தான் அது பிள்ளையின் உரிமை என்று தெரிந்தது. இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தை கருத்துச் சொல்லலாம், வயதுக்கேற்ப அதை மதிக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனையில் பெற்றோரோ அவர்கள் இடத்தில் இருப்பவரோ எந்நேரமும் பிள்ளையோடு இருக்கலாம் என்று 1988-இலேயே லெய்டன் நகரில் ஐரோப்பியர்கள் சாசனம் எழுதிவிட்டார்கள். அது நம்மைக் கட்டுப்படுத்தாது, சரி. நம் பிள்ளைக்கு மட்டும் பயம் குறைவா? தாங்கள் அறியாததல்ல இவை.

1994-இல் என் மகள் நிமோனியாவில் கிடந்தபோது, பெண் துணை மட்டும்தான் என்று சொல்லி அவள் அப்பாவை வார்டுக்குள் விடவில்லை. நான்கு நாள் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். இப்போது பேரனுக்கு மருந்தை மருத்துவமனைக் கடையிலேயே வாங்கச் சொன்னார்கள், வாங்கினோம். எங்கே வாங்குவது என்பது நம் விருப்பம் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் 2018 நோயாளர் சாசனத்தில் இருக்கிறதாம். 17 உரிமைகளாம்! வார்டுச் சுவரில் நான் பார்த்ததெல்லாம் சத்தம் போடாதீர், கட்டிலில் உட்காராதீர், வெளி உணவு கூடாது என்பவைதான். எதைக் கேட்கலாம் என்று ஒரு வரி இல்லை.

கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் எனக்குத் தெரியும். கூட இருக்கிறவர்களுக்கு விவரம் தெரிந்தால் செவிலியர்களின் வேலையும் பாதி குறையும். அந்த இரவில் ஊசி ஒரே குத்தில் ஏறியது.

பிள்ளைக்குத் துணை இருப்பவர்கள் என்னென்ன கேட்கலாம் என்பதை, வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு பக்கம் வெளியிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வார்டில் இரவு வெளிச்சம் போதாது.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி,
மதுரை மாவட்டம்