சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: ரூபாய்க்கு எத்தனை அணா வலி?

தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அவர் கணக்கில் நான் கை வைப்பதில்லை, என் வாக்கியங்களில் அவரும் கை வைப்பதில்லை.

வழக்கமானவற்றை முதலில் சொல்லி முடிக்கிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது, நவம்பர் நீங்கலாக. அந்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் குடமுருட்டிக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் உள்ள நம் ஊர்களில் சம்பா வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நம் வேலை ஒரு வாரம் நின்றது. இரண்டு சக்கர நாற்காலிகள் பழுது பார்க்கப்பட்டன. நீர்ப்படுக்கை ஒன்றை எலி கடித்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

இனி, இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்த ஒரே காரியத்துக்கு வருகிறேன்.

படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகும்போது நாம் எடுத்துப் போகும் நோட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை, படுக்கைப் புண் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வலிக்கும் ஒரு கட்டம் உண்டு: ‘உண்டு / இல்லை’. சென்ற மே மாதம் பழைய நோட்டுகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது பக்கத்துக்குப் பக்கம் ‘இல்லை’ என்றே எழுதியிருந்தது. புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவி, அடுத்த மாதமே காலமானவரின் பக்கத்திலும் ‘இல்லை’. கையெழுத்து என்னுடையது.

எப்படிக் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். “வலி ஒண்ணும் இல்லையே அய்யா?” என்றுதான் கேட்டிருப்பேன். பக்கத்தில் மகன் நிற்கிறான். வாசலில் என் டிவிஎஸ் இன்னும் ஆஃப் ஆகவில்லை. அவரும் “பரவால்ல தம்பி” என்று சொல்லியிருப்பார். நம் பக்கத்தில் ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கு ‘நீ போய்ட்டு வா’ என்றும் பொருள் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் ஜூன் முதல், மாதக் கடைசி சனிக்கிழமைகளில் படிப்பு வட்டம் நடத்தினோம். பொருள் ஒன்றே ஒன்று: வலியை எப்படி அளப்பது, அளந்ததை வைத்து என்ன செய்வது. நம் மருத்துவ ஆலோசகரும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்காவும் பாடம் நடத்தினார்கள். டீயும் மெதுவடையும் தலைவர் செலவு.

முதல் வகுப்பில் இலக்கணம். வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979-இல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. 2020-இல் அதைத் திருத்தியது. உடலின் திசு கெட்டாலோ, கெடும் நிலை வந்தாலோ உண்டாவது போன்ற, உணர்விலும் மனத்திலும் ஒருசேர நேரும் வேண்டாத அனுபவம் என்பது அதன் சாரம். கூடவே சில குறிப்புகள் சேர்த்தார்கள். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாதவருக்கு வலியே இல்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டாவது குறிப்பை நம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்கள், ஒரு எழுத்துப் பிழையோடு.

அடுத்தது அளவுகோல். ஆஸ்பத்திரிகளில் பூஜ்யத்திலிருந்து 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இது எடுபடவில்லை. ‘பத்துக்கு எவ்வளவு’ என்று கேட்டால், எழுபத்தெட்டு வயது ஆயி ஒருவர் “பத்துக்கு என்னத்தக் கண்டேன், நீயே போட்டுக்க” என்றார். முகப்படத்தையும் காட்டிப் பார்த்தோம். 1983-இல் அமெரிக்காவின் டல்சா நகரத்தில் டோனா வாங், கானி பேக்கர் என்ற இருவர் குழந்தைகளுக்காக உருவாக்கிய ஆறு முகங்கள் அவை. சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் முடியும். அதே ஆயி கடைசிப் படத்தைத் தள்ளிவிட்டு, “நான் எதுக்கு அழுவணும்?” என்றார். வலிக்கும் அழுகைக்கும் அவர் கணக்கில் சம்பந்தமே இல்லை. இந்தக் குழப்பம் ஆய்வாளர்களுக்கும் தெரிந்ததுதான். 2001-இல் வந்த திருத்திய முகப்பட அளவுகோலில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை.

வழி கிடைத்தது தற்செயலாக. கணக்கு வாத்தியார் உறுப்பினர் ஒருவர் ஒரு பெரியவரிடம், “ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குதுங்க?” என்று கேட்டார். “நேத்து பன்னெண்டணா, இன்னிக்கு எட்டணா” என்று கறாராகப் பதில் வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு அது. 1957-இல் அணா போய் நயா பைசா வந்தது. ஆனால் எழுபது தாண்டியவர்கள் வாயில் அணா இன்னும் செல்லும். வயது குறைந்தவர்களுக்குக் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி. மருத்துவர் பத்துக்கு மாற்றித்தான் கேட்பார் என்பதால் வாத்தியார் ஒரு பெயர்ப்பு அட்டவணை போட்டு லேமினேட் செய்து கொடுத்திருக்கிறார். இந்த அணாக்கணக்கு ஆய்வில் சோதித்துப் பார்த்த அளவுகோல் அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒருவரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டுமே அது. இவருடைய எட்டணாவை அடுத்த வீட்டுக்காரரின் எட்டணாவோடு ஒப்பிடக் கூடாது.

எவ்வளவு குறைந்தால் குறைந்ததாகக் கொள்வது? இதற்கு ஆய்வு இருக்கிறது. 2001-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், நாட்பட்ட வலி உள்ள 2,700-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி, பத்துக்கு 2 புள்ளி, அல்லது சுமார் 30 சதவீதம் குறைந்தால்தான் நோயாளிகள் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள் என்று கண்டார்கள். நம் கணக்கில் மூன்றணா. ஓரணா குறைந்ததற்கெல்லாம் நாம் குதிக்க வேண்டாம்.

எண்ணைவிட எனக்குப் பிடித்தது சொற்கள். ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா உளவியலாளர் 1975-இல் வலியை வருணிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். நாமும் நம் வீடுகளில் காதில் விழுந்ததையெல்லாம் எழுதினோம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், திகுதிகு, விண்விண், சுருக்சுருக், சுள்ளென்று, மரமரப்பு, சுருட்டிப் பிடிக்கிறது, கரண்ட் அடிச்ச மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி, மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி. இதை வெறும் சொல் சேகரிப்பாக நினைக்க வேண்டாம். எரிச்சல், மரமரப்பு, கரண்ட், எறும்பு என்று வந்தால் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு வழக்கமான வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது, வேறு வகை மருந்து வேண்டும். சர்க்கரை நோயாளி ஒருவர் பல மாதமாக ‘கால் வலி’ என்று சொல்லி வலி மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். நம் நோட்டில் ‘மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி, ராத்திரியில் அதிகம்’ என்று இருந்ததைப் பார்த்த மருத்துவர் மருந்தையே மாற்றினார். நான்கு வாரத்தில் பதினோரணா ஆறணா ஆயிற்று.

வாய் பேசாதவர்களைப் பற்றி. மறதி நோய் முற்றிய ஒரு பாட்டி, உடம்பு துடைக்கும்போது மட்டும் கையை அடிப்பார், திட்டுவார். வீட்டில் ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று விட்டுவிட்டார்கள். மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் ஓர் அளவுகோல் 2003-இல் வந்தது. செவிலியர் அக்கா அதைச் சொல்லிக் கொடுத்தார். குறித்துப் பார்த்ததில், வலது பக்கம் திருப்பும்போதுதான் மதிப்பெண் ஏறுகிறது. குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் பாரசிட்டமால் கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார். இரண்டு வாரத்தில் அடி நின்றது. திட்டு நிற்கவில்லை, அது சுபாவம் என்றார் மருமகள். நார்வே நாட்டில் 352 முதியோரிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வலிக்கு முறையாக வைத்தியம் பார்த்ததில் எட்டு வாரத்தில் மூர்க்கமும் அமைதியின்மையும் 17 சதவீதம் குறைந்தன.

குழந்தைகள் விஷயம் நம் வேலைக்குள் வராது. ஆனாலும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்த காலம் ஒன்று இருந்தது. அது தவறு என்று உறைக்கச் சொன்ன 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் கன்வல்ஜீத் ஆனந்த், இந்தியாவில் பிறந்தவர். தடுப்பூசி போடும்போது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. நம் கிராமச் செவிலியரிடம் சொன்னேன். “எங்கம்மா காலத்துலேயே இதான் சார்” என்று சிரித்தார்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். மேட்டூர் அணை இந்த வருடம் ஜூலை 28-இல்தான் திறந்தது. குறுவை பாதிக்கு மேல் பம்புசெட்டை நம்பி நின்றது. சம்பா நடவு நெருக்கியடித்துக்கொண்டு வந்தபோது நடவுப் பெண்கள் நம்மிடமும் வந்தார்கள். “ஒரு ஊசி போட்டா சரியாயிரும்ணே.” அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். அதை நானும் என் பணிக்காலத்தில் கணக்கில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கும் உடம்பில் இந்த வகை மருந்து சிறுநீரகத்தைத் தொடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளைச் சிறுநீரகம் கெட்டுக் கூட்டமாகச் சாக வைத்தது. அதனால் 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கு அளவோடு கொடுத்தால் பயனுள்ள மருந்துதான். வாராவாரம் ஊசி என்பது அளவு அல்ல.

அப்படியானால் பாரசிட்டமால்? ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலி கண்ட 1,652 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். பாரசிட்டமால் எடுத்தவர்களுக்கு வலி தீர நடுவாந்திரமாக 17 நாள், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆலோசகர் சொன்னது: படுத்துக் கிடக்காதே, நடமாடு, சூடு வை, பயப்படாதே. காலில் மரமரப்போ, சிறுநீர் கட்டுவதோ வந்தால் உடனே ஓடி வா. இதைத்தான் துண்டறிக்கையாக அடித்துக் கொடுத்தோம். ஊசியை விட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

கடைசியாக மார்ஃபின், அபினியிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து. படிப்பு வட்டத்தில் சண்டை வந்தது இதில்தான்.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்று அபினி பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சட்டப்படி வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப் பொருள் சட்டத்துக்குப் பிறகு, கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்துக்கொள்வதையே விட்டன. நெல் விளைந்த ஊரில் சோற்றுக்கு அலைந்த கதை. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண மருத்துவமும், அதைச் சுற்றி வளர்ந்த ஊர்த் தொண்டர்களும் நம் போன்ற சங்கங்களுக்கு முன்னேர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே உரிமத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. இருந்தும் நம் நோயாளி ஒருவருக்கு மாத்திரை கிடைக்க, அவர் மகன் மூன்று தடவை பஸ் ஏற வேண்டியிருந்தது. ஒரு தடவை மருந்து இல்லை, ஒரு தடவை கையெழுத்துப் போடுபவர் இல்லை. எந்த மருத்துவமனை என்பதை இங்கே எழுதவில்லை.

கிடைத்த மாத்திரையை அந்த மகன் பீரோவில் பூட்டிவைத்தார், ‘தாங்க முடியாதப்ப கொடுக்கலாம்’ என்று. வலி வந்த பிறகு துரத்திப் பிடிப்பதைவிட, கடிகாரத்தைப் பார்த்து வேளை தவறாமல் கொடுத்து வரவிடாமல் தடுப்பது என்பது உலக சுகாதார நிறுவனம் 1986 முதல் சொல்லிவருவது. சாதா மார்ஃபின் மாத்திரைக்கு நான்கு மணி நேரக் கணக்கு. இதை அவருக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. “அப்பா அடிமையாயிருவாரோ?” என்பதுதான் அவர் பயம். பதினாலணாவில் கிடந்த அப்பா நாலணாவுக்கு வந்து, திண்ணையில் சாய்ந்து தினத்தந்தி கேட்டு வாங்கியதைப் பார்த்த பிறகு அவர் பூட்டவில்லை.

இதில் நம் தவறு ஒன்று. மார்ஃபின் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். தூக்கமும் குமட்டலும் சில நாளில் அடங்கும், இது அடங்காது. மலமிளக்கி முதல் நாளே சேர்ந்து போக வேண்டும். சீட்டில் எழுதியிருந்தது. கடையில் இல்லை என்றதும் நாம் விட்டுவிட்டோம். ஆறாம் நாள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். அன்று போன தொண்டர் நான்தான்.

சண்டை என்னவென்றால்: அமெரிக்காவில் நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம் போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறி என்று அறிவித்து, எண்ணைப் பார்த்து மாத்திரை கொடுக்கப் போய் ஊரே மருந்துக்கு அடிமையானதே, நாமும் எண் எழுதி அங்கேதான் போகிறோமா என்று இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கு மருந்துக் கம்பெனிகளின் பங்கும் பெரிது. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த ‘ஐந்தாவது குறி’யைக் கைவிடச் சொன்னது. ஆனால் 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் காட்டிய கணக்கில், உலகம் முழுவதும் ஆண்டுக்கு வழங்கப்பட்ட 298.5 டன் மார்ஃபின் வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குச் சேர்ந்தது 0.1 டன். அவர்களுக்கு வெள்ளம், மற்றவர்களுக்கு வறட்சி. கடைமடைக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணை எழுதுவோம், மருந்தை மருத்துவர் தீர்மானிக்கட்டும், நம் நோட்டில் ‘தூங்கினாரா, எழுந்து உட்கார்ந்தாரா’ என்ற இரண்டு கட்டங்களைச் சேர்ப்போம் என்று முடிவாயிற்று. சேர்த்தாகிவிட்டது.

வரும் வருடத்துக்கு: நீர்ப்படுக்கை ஒன்று, மலமிளக்கி கையிருப்பு, டிவிஎஸ்ஸுக்கு டயர்.

ஒரு வேண்டுகோள். வலி நோட்டுகள் சில திரும்பி வரவில்லை. கருமாதி முடிந்த வீட்டில் போய் நோட்டைக் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். புரிகிறது, ஆனாலும் கேளுங்கள். மேலே சொன்ன மார்ஃபின்காரர் வீட்டில் நான் போய்க் கேட்டேன். கடைசி இரண்டு வாரம் அணாவை அவரே தன் கையால் எழுதியிருந்தார் என்று சொல்லி மகன் தர மறுத்துவிட்டார். அந்த ஒன்றை மட்டும் ‘வரவில்லை’ என்று எழுதாமல் ‘கொடுத்தது’ என்று எழுதும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்